மணி அடிக்கும் வரை ஆறு நிமிடம்

கவர்னர் தேர்தலுக்குப் பதினைந்து மாதம் இருக்கும்போதே யார் நிற்பார், யார் விழுவார் என்று எழுதுகிற கிறுக்கன் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், நான் ஒருவன்தான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஜூலைக் கடைசி வாரத்தில், ‘மார்ல் கூரியர்’ வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஐந்து பெயர்கள் வரும். கவர்னரை எதிர்த்து நிற்கக்கூடியவர்கள், யாருக்கு எவ்வளவு வாய்ப்பு, எல்லாம் வரிசைப்படி. இதுவரை ஏழு பட்டியல் போட்டிருக்கிறேன். ஆறு முறை முதலிடத்தில் நான் எழுதிய ஆள் மண்ணைக் கவ்வினார். ஒரே ஒரு முறை என் ஆள் ஜெயித்தார், பதவியேற்ற இரண்டாம் வருடம் ஜெயிலுக்குப் போனார்.

“அர்பன் மேட்டிங்லி முதல்ல பேரைப் போட்டுட்டானா? அந்தாளுக்கு மலர்வளையம் சொல்லி விட்டுருங்க” என்று என்னைச் சொல்வான் முடிதிருத்தும் கிளீட்டஸ். சொல்லிவிட்டு என் பத்திரிகையைத்தான் விரித்துப் படிப்பான். கென்டக்கி மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கிற எங்கள் ஏழு கவுண்டிகள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்கம்தான் மாநிலமும் சாயும். அதனால் தலைநகரில் கவர்னரின் ஆட்கள்கூட என் பட்டியலைப் படிக்கிறார்கள். இந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

இந்த முறை கவர்னர் ஸ்டோக்லி இரண்டாம் முறை நிற்கிறார். எதிரே முதலிடத்தில் நான் எழுதியது லெக்சிங்டன் வக்கீல் கார்ட்டர் லைல். நல்ல குரல், நல்ல பல்வரிசை, லாயத்தில் ஐம்பது பந்தயக் குதிரை. மற்ற நான்கு பேரை இங்கே சொல்ல வேண்டியதில்லை, அவர்களுடைய மனைவிமார்களே அவர்களுக்கு ஓட்டுப் போடுவார்களா என்பது சந்தேகம்.

புதன்கிழமை காலை பத்திரிகை வந்தது. பத்து மணிக்கு ட்வைலா கேரிக்கோ என் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்கள் கவுண்டியின் நிர்வாகத் தலைவி, இரண்டு முறை ஜெயித்தவள். அதற்கு முன் பத்தொன்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டினாள். எனக்கு முதல் வகுப்பிலிருந்து கூடப் படித்தவள்.

“என் பேர் எங்கடா அர்பன்?”

கோபத்தில் கத்தியிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கழுத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது, நரம்பு ஒன்று கெட்டுப்போய்க் குரல் வெறும் காற்றாகிவிட்டது. போனில் பேசினால் மூச்சுச் சத்தத்துக்கு நடுவே வார்த்தையைத் தேடிப் பொறுக்க வேண்டும்.

“உக்காரு முதல்ல. ஐஸ் டீ ஊத்தட்டுமா?”

“பேச்சை மாத்தாத. நிக்கப்போறேன்னு போன மாசமே சொன்னேன்ல?”

“உன் நல்லதுக்குத்தான் விட்டேன் ட்வைலா.”

“என் நல்லதைப் பாத்துக்கன்னு உன்னைய யாரு வேலைக்கு வச்சா?”

“சரி, நேராவே சொல்றேன். கவர்னர் தேர்தல்னா நூத்தி இருபது கவுண்டி. மேடைக்கு மேடை கத்தணும். நீ பேசினா முன் வரிசைக்கே கேக்காது. ஜனங்க சிரிப்பாங்க. அதை நான் பாக்கணுமா?”

“லைல் மட்டும்?”

“அவனுக்குக் குரல் இருக்கு. கோயில் மணி மாதிரி.”

“அந்த மணி பிரசவ வார்டைப் பத்தி ஒரு தடவையாச்சும் அடிச்சுச்சா?”

இரண்டு குளிர்காலத்துக்கு முன் கவர்னர் ஸ்டோக்லி சிறிய மருத்துவமனைகளுக்கு மாநில உதவியை நிறுத்தினார். எங்கள் மருத்துவமனை முதலில் மூடியது பிரசவப் பிரிவைத்தான். பக்கத்து இரண்டு கவுண்டிகளும் அதேபோல் மூடின. இப்போது வலி எடுத்தால் ஆற்றுப் பாலம் தாண்டிப் பெரிய ஊருக்குத்தான் ஓட வேண்டும். ஆம்புலன்ஸில் ஒன்பது குழந்தைகளைத் தன் கையில் வாங்கியவள் ட்வைலா, அவளுக்குத் தெரியாத கஷ்டம் இல்லை. கவர்னருக்கு நான்கு கடிதம் எழுதினாள். பதிலாகக் கையெழுத்துப் போட்ட அவருடைய புகைப்படம் வந்தது.

“ஒருத்தனும் அதைப் பேச மாட்டேங்குறான்” என்றாள். “அதைப் பேசத்தான் நிக்குறேன். பேசறதுக்கு மட்டும்னு நினைக்காத. ஜெயிக்கவும்தான் நிக்குறேன். அதையும் எழுதிக்கோ.”

எனக்கு எரிச்சலாக வந்தது. பிடிவாதக்காரி. ஏழாம் வகுப்பில் என்னைவிட இரண்டு மார்க் குறைந்தது என்று வாத்தியாரிடம் மூன்று நாள் வாதாடியவள்.

“சரி, ஒரு பந்தயம்” என்றேன். “ஆகஸ்ட்ல புனித ரோக் ஆலய விருந்துல, கட்சிக்காரங்க பேசுற மேடை ஏறு. ஆறு நிமிஷம், மணி அடிக்கிற வரைக்கும் நில்லு. நீ சொன்னது கடைசி வரிசைக்குக் கேட்டா, அடுத்த வாரமே உன் பேரைப் போடுறேன்.”

“முதல் இடத்துலயா?”

“வேண்டாம்மா, முதல் இடத்துல போட்டா தோத்துருவ.”

சிரித்தாள். சிரிப்புக்கும் சத்தம் இல்லை. “மேடைக்கு என்ன செய்யணும்?”

“கவர்னருக்கு நிக்குறதா தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்ல பதிவு பண்ணினவங்களுக்குத்தான் இடம். வெள்ளிக்கிழமை நாலரை மணி வரைக்கும் வாங்குவாங்க. கடிகாரத்தை...”

“ஃபிராங்க்ஃபர்ட்ல நம்மளவிட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும்னு எனக்குத் தெரியாதா? போன தேர்தல்ல உங்க சித்தப்பா தானே நம்ம ஊர் நேரத்துக்குப் போயி, பூட்டின கதவை ஆட்டிட்டு வந்தாரு?”

குத்திக் காட்ட வேண்டியதைக் குத்திக் காட்டிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பி நான்கு மணி நேரம் ஓட்டிப்போய்ப் பதிவு செய்துவிட்டாள். இனிப் பின்வாங்க முடியாது. மேடையில் அவள் பேச்சு சிரிப்பாய்ச் சிரித்துவிட்டால் கவர்னர் தேர்தல் மட்டும் போகாது, பிரசவ வார்டு என்ற பேச்சையே இனி எவனும் எடுக்கமாட்டான். ‘அதான் அந்தக் காத்துக் குரல்காரி கேட்டாளே’ என்று முடித்துவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை. புனித ரோக் ஆலயத்துக்குப் பின்னால், ஓக் மரங்களின் கீழே, ஆட்டுக்கறி முதல் நாளிலிருந்தே ஹிக்கரிக் கட்டைப் புகையில் வெந்துகொண்டிருந்தது. மூவாயிரம் பேர் இருப்பார்கள். மேடைக்கு வலது பக்கம் கவர்னர் கட்சி, இடது பக்கம் எதிர்க்கட்சி. இது பங்குச் சாமியார் வகுத்த எல்லை, யாரும் தாண்டுவதில்லை. பேசுகிறவருக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் எதிர்ப் பக்கத்தார் கத்தலாம், ஊதலாம், தகரம் தட்டலாம், கெட்ட வார்த்தையும் கல்லும் மட்டும் கூடாது. தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான். ‘இந்தக் கூச்சலில் நிற்க முடியாதவன் சட்டசபையில் எப்படி நிற்பான்’ என்பது எங்கள் நியாயம். ஆறாவது நிமிடம் முடிந்ததும் பழைய பள்ளிக்கூட மணியை அடிக்கிறவன் நான். இருபது வருடமாக அடிக்கிறேன், ஒரு விநாடி முன்னே பின்னே போனதில்லை.

முதலில் கார்ட்டர் லைல் வந்தார். வெள்ளைக் கோட்டு. மைக்கைப் பிடித்து, “நண்பர்களே” என்றார். வலது பக்கம் வெடித்தது.

“வக்கீலய்யா, குதிரை எப்படி இருக்கு? உங்களவிட அதுவே நல்லாப் பேசுமாமே!”

அவருக்கு நகரத்தில் யாரோ புத்தி சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். கைகளைக் கட்டிக்கொண்டு, புன்னகையோடு, “நீங்க முடிங்க, நான் காத்திருக்கேன்” என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. புனித ரோக்கில் யார் முடிப்பார்கள்? மூவாயிரம் பேரும் வருடம் முழுக்கக் காத்திருந்து வருவதே கத்துவதற்குத்தான். அவர் காத்திருந்தார். அவர்கள் கத்தினார்கள். மூன்றாம் நிமிடம் ஒரு புண்ணியவான், “வாய்தா!” என்று குரல் கொடுத்தான். அவ்வளவுதான், வலது பக்கம் முழுக்க, “வாய்தா! வாய்தா!” என்று தாளம் போட்டுக் கத்த ஆரம்பித்தது. இடது பக்கத்தில், அவருடைய கட்சியிலேயே, சிரிப்பை அடக்க முடியாமல் பாதிப்பேர் குனிந்துகொண்டார்கள். லைலின் புன்னகை சுருங்கியது. “நண்பர்களே, நான்” என்று அவர் வாயைத் திறந்தபோது நான் மணியை அடித்தேன். என் எட்டாவது பட்டியலும் அத்தோடு போயிற்று.

அடுத்து ட்வைலா.

நீலச் சட்டை, கையில் மடித்த ஒரு தாள். மேடையில் பின்னால் நாற்காலிகளில் கவர்னர் ஸ்டோக்லியும் அவருடைய பரிவாரமும். எதிரி பேசும்போது அங்கேயே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதும் வழக்கம். கவர்னர் பக்கத்து நாற்காலிக்காரரோடு மீன் பிடிக்கப் போன கதை பேசிக்கொண்டிருந்தார். ட்வைலா வந்ததை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. ஒலிபெருக்கியில் வந்தது வெறும் காற்று.

“பேட்டரி மாத்துங்கப்பா!”

“எலி பேசுது, பூனையைக் கூப்பிடு!”

வலது பக்க முன்வரிசையில் வெண்டெல் டூன் நின்றான். புகையிலை விவசாயி, தலையில் கவர்னர் பெயர் போட்ட சிவப்புத் தொப்பி. லாரி ஹாரன் ஒன்றைப் பேட்டரியோடு கட்டி வருடா வருடம் கொண்டு வருவான், புனித ரோக்கின் கூச்சல்காரர்களுக்கு அவன்தான் தலைவன். அவள் ஒரு வரி படித்ததும் ஒரு தடவை அழுத்துவான். “பாம்!” மறுபடி ஒரு வரி. “பாம்!” ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. மணியின் பிடியில் என் கை இருந்தது. அடித்துவிடலாமா என்று நினைத்தேன். நான்கு நிமிடம் முன்னாலேயே அடித்து, அவளை அந்த அவமானத்திலிருந்து இறக்கிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? சத்தியமாக நினைத்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முதல் வகுப்பிலிருந்து தெரிந்தவள், என் கை எதற்குத் துடிக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? ‘தொட்ட, கொன்னுருவேன்’ என்று கண்ணாலேயே சொன்னாள்.

பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தாள். மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“எத்தனை மைல்?”

இரண்டே வார்த்தை. காற்றாக இருந்தாலும் இரண்டு வார்த்தை போய்ச் சேர்ந்துவிடும்.

“என்னது?” என்றான் யாரோ.

“பிரசவத்துக்கு. உங்க வீட்டுல இருந்து. எத்தனை மைல்?”

இடது பக்கத்தில் ஒரு பெண், கையில் தட்டோடு நின்றவள், “முப்பத்தாறு!” என்று கத்தினாள்.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிடித்த மீனின் நீளமானாலும், வாசலில் விழுந்த பனியின் ஆழமானாலும், அடுத்தவன் சொன்ன கணக்கைவிட ஒரு கை கூட்டிச் சொல்லாமல் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது. முப்பத்தாறு என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். விடுவார்களா?

“முப்பத்தாறு எல்லாம் ஒரு தூரமா? எங்க வீட்டுல இருந்து நாப்பத்திமூணு!”

“அடப் போய்யா, நாப்பத்திமூணாம்! மண் ரோடு ஏழு மைலையும் சேத்து அம்பது!”

ட்வைலா கையை நீட்டி அடுத்த ஆளைக் காட்டினாள். புகையிலை ஏலம் போலக் கை இங்கும் அங்கும் போனது. பிறகு அந்தக் கை வலது பக்கம் திரும்பியது. அவர்கள் கத்துவதற்கென்றே வந்தவர்கள், தொண்டை சூடாக இருந்தது, வாய் திறந்தபடி இருந்தது.

“அம்பத்திரெண்டு!” என்றான் கவர்னர் தொப்பி போட்ட ஒருவன். சொன்ன பிறகுதான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அதற்குள் அவன் மனைவியே, “பாலத்துல வேலை நடக்குதுல்ல? சுத்திப் போனா அறுபதுன்னு சொல்லு!” என்று அவனைத் திருத்தினாள்.

இரண்டு பக்கமும் எண்ணாகக் கத்தியது. என் இருபது வருடத்தில் புனித ரோக்கின் இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைக் கத்தி நான் கேட்டதில்லை. அவளால் பேச முடியாத பேச்சை மூவாயிரம் தொண்டை பேசிக்கொண்டிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நான்காம் நிமிடம் முடிகிற நேரம். வெண்டெல் டூன் ஹாரனை அழுத்தவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். ட்வைலாவின் கை அவன் பக்கம் போகவே இல்லை. அவனைப் பார்க்காமல் அவள் தவிர்த்தாள் என்றே நினைக்கிறேன். அவனாகத்தான் வாயைத் திறந்தான்.

“நாப்பத்தொண்ணு!”

அடுத்தவன் அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வெண்டெல் இன்னொரு வார்த்தை சொன்னான். இந்த முறை கத்தவில்லை.

“போய்ச் சேரலை.”

முன்வரிசை அமைதியானது. பிறகு அதற்குப் பின் வரிசை. யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மார்ச் மாதம், பனிமழை, வெண்டெலின் மகள் ஜோலின், முதல் பிள்ளை. முப்பதாவது மைலில் சாலையோரம் வண்டி நின்றது. ஜோலின் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. என் பத்திரிகையில் அது ஆறாம் பக்கத்தில் நான்கு வரியாக வந்தது. எழுதினவன் நான்தான். முதல் பக்கத்தில் கவர்னர் தேர்தல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற எனக்கு, ஆறாம் பக்கத்து நான்கு வரிதான் அந்தத் தேர்தல் என்று தோன்றவே இல்லை. அந்த மேடையில் நின்றுகொண்டிருந்தபோது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ட்வைலா மேடை ஓரத்துக்கு வந்து வெண்டெலைப் பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை ஓட விட்டாள். ஒரு முழு நிமிடம் கறி வேகும் குழியில் கொழுப்புச் சொட்டிச் சீறுவது மட்டும் கேட்டது. பிறகு மைக்குக்குத் திரும்பி வந்தாள்.

“நான் ட்வைலா கேரிக்கோ. கவர்னருக்கு நிக்குறேன். இந்த மைலைக் குறைக்கத்தான் நிக்குறேன். என்னால கத்த முடியாது. ஆனா விட மாட்டேன்.”

அதே காற்றுக் குரல்தான். வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்றவர்கள்வரை கேட்டது. நான் மணியை அடித்தேன். கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது இடது பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை.

அவள் என்னைத் தாண்டிப் போகும்போது, “தண்ணி குடு” என்றாள். கொடுத்தேன். பாதி சட்டையில் சிந்தியது.

கடைசியாகக் கவர்னர். மீன் கதையை முடித்துவிட்டு, கோட்டு நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு உற்சாகமாக எழுந்து வந்தார். அவர் பின்னாலேயே ஓர் உதவியாளன் குறிப்புத் தாள்களோடு வந்தான்.

“மார்ல் கவுண்டி!” என்றார் கவர்னர். “உங்க ஆட்டுக்கறி வாசனை தலைநகர் வரைக்கும் வருதுங்க! அந்த வாசனையைப் பிடிச்சுக்கிட்டேதான் வந்தேன்!”

ஒவ்வொரு வருடமும் இதைத்தான் சொல்வார், வலது பக்கம் ஒவ்வொரு வருடமும் சிரிக்கும். இந்த முறை சிரிப்பு வரவில்லை. சிவப்புத் தொப்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் குரல், கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போல வந்தது.

“எத்தனை மைல்?”

கவர்னர் புன்னகையை மாற்றாமல் கையை ஆட்டினார். அந்தப் பக்கத்திலிருந்தே இன்னொரு குரல், “எத்தனை மைல், கவர்னரே?” என்றது. பிறகு பத்துக் குரல். பிறகு இடது பக்கமும் சேர்ந்துகொண்டது. வெண்டெல் டூன் கைகளைத் தொங்கவிட்டபடி மேடையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கவர்னர் உதவியாளன் பக்கம் சாய்ந்தார். அவருக்கு மட்டும் சின்ன மைக் ஒன்று கோட்டிலேயே குத்தியிருந்தது.

“எது எத்தனை மைல்?” என்று கேட்டார்.

ஒலிபெருக்கி அதை ஓக் மரங்களைத் தாண்டி, வண்டிகளைத் தாண்டி, சாலைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருக்கு இன்னும் ஐந்தரை நிமிடம் பாக்கி இருந்தது.